பழையோரும் புதியோரும்

பினாங்குத் தீவின் மேற்கே, மலைக்கு அப்பால், டுரியானும் சாதிக்காயும் விளையும் பாலிக் புலாவிலும் ஒருவர் தம் கூரையில் சூரியத் தகடு பதித்து மின்சாரம் எடுக்கலாம். எனினும், மிஞ்சியதைப் பிறருக்கு அனுப்பவும், மின்கலம் இல்லையேல் இரவில் விளக்கேற்றவும் அவருக்கு வேண்டுவது 1990 முதல் தெனாகா நேஷனல் வசமுள்ள பழைய கம்பியே. இந்நிலையில் புதியவர் பழையவரை ஏகபோகக்காரர் என இகழ்வதும், பழையவர் புதியவரைத் தம் வருவாயைத் தின்ன வந்தவர் என வெறுப்பதும் எவ்வகையில் நியாயம்?

2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இவ்வழக்கைத் தீர்க்க முயன்றது. புதியவர் தரும் மின்சாரத்தைக் குறித்த விலைக்குப் பழையவர் வாங்கியே தீரவேண்டும். கூடுதற் செலவை ஒரு நிதி ஈடுசெய்யும் என்றது. அந்நிதி யாருடையது? முதலாளியுடையதன்று. மாதம் 300 யூனிட்டுக்கு மிகாத வீட்டாரை விலக்கி, மற்றையோர் கட்டணத்தோடு 2014 முதல் 1.6 விழுக்காடு சேர்த்துப் பெறப்பட்டதே அது.

ஆகவே, இருவரையும் இணைத்தது பொதுமக்கள் பணமேயன்றி அவர்தம் பெருந்தன்மையன்று. அவ்வளவுக்கு மேல் செலவழித்தால், கூரை சொந்தமில்லாத வாடகைக் குடித்தனக்காரரும் அதில் பங்கு செலுத்தினார். அவருக்கு என்ன பயன் கிட்டிற்று என்பதே ஒத்துழைப்பின் உரைகல். கம்பியைப் பேணும் செலவில் புதியவர் தம் பங்கைத் தருதலும், இணைப்புக்குத் தடை செய்யாது பழையவர் வழிவிடுதலும் கடமை என்போம். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு தம் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவரேல், அதற்குப் பெயர் ஒத்துழைப்பன்று, கூட்டுக்கொள்ளை.