புயலில் பயந்தால் அவிசுவாசியா?



திடீரென்று ஒரு ஆபத்து வரும்போது நம் நெஞ்சு படபடக்கிறதே, அது அவிசுவாசமா? "ஜெபிக்கிறவனுக்கு ஏன் பயம்?" என்று பிரசங்க மேடையில் சத்தமாய்க் கேட்டவன்தான் நானும். ஆனால் சில வருஷங்களுக்கு முன் என் இளைய மகனை டெங்கு காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் அந்தப் பிரசங்கம் எனக்கே உதவவில்லை. ரத்தத்தில் 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் 20,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வராந்தாவில் முழங்கால் போட்டேன். ஒரு வசனமும் வாயில் வரவில்லை. "இயேசப்பா, இயேசப்பா" என்பது மட்டும்தான் வந்தது.

காலையில் பார்க்க வந்த ஒரு சகோதரர், "பாஸ்டர், வீட்டுல ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சலைவிட அந்த வார்த்தைதான் எங்களைச் சுட்டது.

அந்த நாட்களில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பவுல் ரோமாபுரியிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தார். அப்படி வாக்குத்தத்தம் பெற்றவர் ஏறின கப்பல்தான் யூரோக்கிலிதோன் காற்றில் மாட்டிக்கொண்டது. உள்ளே 276 பேர். பல நாளாய்ச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அந்தக் காலத்தில் நடுக்கடலில் திசை காட்ட வேறென்ன உண்டு? இனித் தப்ப வழியில்லை என்று எல்லாரும் நம்பிக்கை இழந்ததை எழுதுகிற லூக்கா, தன்னையும் சேர்த்தே எழுதுகிறார். தேவதூதன் வந்து பவுலிடம் முதலாவது சொன்னதும் பயப்படாதே என்பதுதான். பயமே இல்லாதவருக்கு அந்த வார்த்தை எதற்கு?

ஆகவே பயம் வருவது பாவமல்ல. பயம் வந்தபின் என்ன செய்கிறோம் என்பதுதான் காரியம். கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை பண்ணி, படகை இறக்கி நழுவப் பார்த்தார்கள். பவுலோ பதினாலாம் நாளில் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் திடன்கொண்டு சாப்பிட்டார்கள். அப்போது அவர்கள் இன்னும் கரை சேரவில்லை! கரையைக் காணுமுன்னே ஸ்தோத்திரம் பண்ணி, அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்வதே விசுவாசம். எங்களுக்கு அது, ஜெபித்துக்கொண்டே டாக்டர் சொன்னபடி பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கஞ்சித்தண்ணீர் ஊட்டுவதாயிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேவன் உயிர்களுக்கு வாக்குக் கொடுத்தார், கப்பலுக்குக் கொடுக்கவில்லை. கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள். மெலித்தா தீவார் அன்பாய் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் விரியன் பாம்பு பவுலின் கையைக் கவ்வினதும், அதே ஜனங்கள் இவன் கொலைபாதகன் என்று தீர்த்துவிட்டார்கள். அன்புள்ளவர்களுக்கும் இந்தப் புத்தி வரும். துன்பத்தைக் கண்டவுடன் பாவக்கணக்குப் பார்க்கிற பழக்கம் சபையில் நமக்கு வேண்டாம்.

என் மகன் பிழைத்தான். அல்லேலூயா! ஆனால் அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை பிழைக்கவில்லை. அந்தத் தாயும் இரவெல்லாம் ஜெபித்த விசுவாசிதான். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் மடிந்தார், பேதுரு சிறையிலிருந்து விடுதலையானார். ஒரே சபை, ஒரே கர்த்தர். ஏன் என்று வேதம் அங்கே சொல்லவில்லை. நானும் சொல்லத் துணியேன்.

அடக்கம் முடிந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபைக்குப் போயிருந்தேன். அந்த அம்மா கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாடவில்லை, கை தட்டவில்லை. ஆனாலும் கர்த்தருடைய சமுகத்தை விட்டுப் போகவில்லை. அதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் இதுவரை கண்டதில்லை.

தேவபிள்ளையே, இன்று உன் கப்பல் ஆடுகிறதா? பயத்தை மறைக்காதே, அதை அப்படியே இயேசப்பாவிடம் சொல். பக்கத்து வீட்டுக் கப்பல் ஆடுகிறதா? காரணம் தேடாதே, போய்ப் பக்கத்தில் உட்கார். கப்பலிலும் நம்மோடிருக்கிறவர், கப்பல் உடைந்து பலகையைப் பிடித்திருக்கும்போதும் நம்மோடிருக்கிறார். ஆமென்.