நீர் வடிகட்டும் துணியும் நிலத்தடித் தொட்டியும்

ஓர் உயிர்க்குத் தீங்கு நேர்ந்தவிடத்து, அதனைச் செய்தவன் எண்ணிச் செய்யவில்லையாயின் அவனுக்கு வினை பற்றுமா, பற்றாதா? இவ்வினா நம் சமயத்தில் மிகப் பழமையானது. விடையும் பழமையானதே. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதத்தோடு கூடிய செயலையே காரணமாக வைக்கிறது. இக்காலப் பேச்சுவழக்கில் ‘பிரமாதம்’ என்றால் ‘மிக நன்று’ என்று பொருளாகிவிட்டது. சொற்களுக்கும் ஊழ் உண்டு போலும்! அறநூல் வழக்கில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். பகை இல்லாதவனிடத்தும், நல்லெண்ணம் உடையவனிடத்தும் அவ்விழிப்பின்மை இருக்கக்கூடும்.

நல்லெண்ணத்தோடு ஒரு நாடு செய்த செயலொன்று குடிநீரைக் கெடுத்த வரலாற்றை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். அமெரிக்க நாட்டில் பெட்ரோலுடன் கலக்கப்பட்ட எம்.டி.பி.ஈ. என்னும் பொருளின் வரலாறு அது. மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர் என்பது அதன் முழுப்பெயர். இயந்திரம் தட்டொலியின்றி ஓடுவதற்காக முன்பு பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்து வந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது தெளிவாகி, அது படிப்படியாக நீக்கப்பட்ட காலத்தில், 1979 முதல் எம்.டி.பி.ஈ. அவ்விடத்துக்கு வந்தது. பின்னர் 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், புகை மிகுந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் ஆக்சிஜன் உள்ள பொருளொன்றைச் சேர்க்க வேண்டும் என விதித்தது. எரிபொருள் முற்றாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு குறையும் என்பது கருத்து. கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு எம்.டி.பி.ஈ.யே பெரிதும் பயன்பட்டது. நூறு பங்கு பெட்ரோலில் ஏறத்தாழ 11 பங்கு அதுவாயிற்று. மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று கருதியவர்களை எவ்வாறு குறை கூற முடியும்?

பெட்ரோல் விற்பனை நிலையங்களில் எண்ணெய் நிலத்தடித் தொட்டிகளில் இருக்கிறது. தொட்டி துருப்பிடித்தும் குழாய் விண்டும் சிறிது சிறிதாகக் கசிவது எங்கும் நிகழ்வதே. பெட்ரோலில் உள்ள பிற பொருள்களுள் பெரும்பாலானவை மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை மெல்லச் சிதைக்கும். எம்.டி.பி.ஈ.யின் இயல்பு வேறு. பென்சீன் ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். இதுவோ 40 கிராமுக்கு மேல் கரையும். மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது. நிலத்தடி நீர் செல்லுமிடமெல்லாம் ஏறக்குறைய அதன் வேகத்திலேயே உடன்செல்லும். கர்ப்பூரத்தைலத்தை ஒத்த வாடையும் கைப்பும் உடைய இப்பொருள், ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் அளவு கலந்தாலே சிலர் நாவுக்குத் தெரிந்துவிடும். பின்னாளில் கலிபோர்னியா அரசு சுவை, வாடை கருதி வகுத்த வரம்பு 5 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் ஐந்து பங்கு.

பசிபிக் கடற்கரையில் உள்ள சான்டா மோனிக்கா நகரம் 1996இல் தன் கிணறுகளில் பலவற்றை இதனால் மூட நேர்ந்தது. நகரின் குடிநீரில் ஏறக்குறைய பாதி ஒரே ஆண்டில் இல்லாமற் போயிற்று. அக்கிணறுகளின் நீரைக் கரியினூடே செலுத்தித் தூய்மை செய்து மீண்டும் பருகும் நிலைக்குக் கொணர 15 ஆண்டுகள் ஆயின. அதுவரை வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய நீரையே நம்பியிருந்தனர். தெற்கு டாஹோ ஏரிப் பகுதியிலும் கிணறுகளில் மூன்றில் ஒரு பங்கு மூடப்பட்டது.

இதில் பிழை எங்கே? நீரில் கரையுமா என்பது ஒரு பொருளைப் பற்றி வேதியியல் மாணவன் முதலில் கேட்கும் வினாக்களுள் ஒன்று. விடை தெரியாததன்று, ஏட்டில் இருந்தது. காற்றைக் காக்கச் சட்டம் இயற்றியோர் காற்றை மட்டுமே நோக்கினர். நிலம், நீர், தீ, காற்று, மரம் என ஓரறிவுயிர்களை ஐவகையாக எண்ணும் நம்மவர்க்கு இதன் பெயர் தெரியும்: ஏகாந்த நோக்கு. ஒரு பக்கம் கண்ட உண்மை, உண்மையாக இருந்துகொண்டே தீங்கு விளைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, அறியாமல் செய்தது ஒரு நிலை. அறிந்தபின் செய்தது மற்றொரு நிலை. டாஹோ வழக்கில் 2002இல் நடுவர் குழு, உற்பத்தியாளர்களுள் சிலர் ஆபத்தை உணர்ந்திருந்தும் எச்சரியாமல் விற்றனர் என்று கண்டது. வழக்கு மொத்தம் 6 கோடியே 90 இலட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. உற்பத்தியாளர் தரப்பில் கூறப்பட்ட மறுமொழியைக் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் நீரில் கொட்டவில்லை, தொட்டியைக் கசியவிட்டவர் குற்றம்’ என்பது அதன் சாரம். நீலகேசி பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களில் புலால் பற்றிய வாதமும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். கொன்றவன் வேறு, விலைக்கு வாங்கி உண்பவன் வேறு என்ற அத்தடையும், இம்மறுமொழியும் ஒரே அச்சில் வார்த்தவை. கசியும் தொட்டிகள் நாடெங்கும் உள்ளன என்று தெரிந்தும், கசிந்தால் தங்காமல் ஓடும் பொருளை அவற்றில் நிரப்புபவன், கசிவுக்கு அயலான் அல்லன்.

நம் பெரியோர் துணியால் வடிகட்டிய நீரையே பருகினர். இதனைக் காட்டி, விஞ்ஞானத்துக்கு முன்பே நாம் விழிப்புற்றோம் என்று மேடைகளில் பெருமை பேசுவது வழக்கமாகிவிட்டது. அப்பெருமை இவ்விடத்தில் செல்லாது. நீரில் கரைந்துவிட்ட பொருளை எத்துணை மடிப்புத் துணியாலும் பிடிக்க இயலாது. அவ்வழக்கத்தின் பிற்பாதியை நாம் மறந்துவிட்டோமோ என ஐயுறுகிறேன். வடிகட்டியபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களை அலசி, எடுத்த கிணற்றிலேயே மெல்ல இறக்கி விடுவது அப்பிற்பாதி. பருகுபவனின் நலம் மட்டும் கருதியிருந்தால் அதற்குத் தேவையே இல்லை. நீரினிடத்து எதை விடுகிறோம், எவ்வாறு விடுகிறோம் என்பதும் அந்நோன்பின் பகுதி. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, பொருளை எடுக்குங்காலும் வைக்குங்காலும் பார்த்துச் செய்தல்; மற்றொன்று, கழிப்பதை உயிரற்ற இடம் பார்த்துக் கழித்தல். துணியைப் பிடிக்க வேண்டிய இடம் குழாயடி அன்று. தொட்டியில் ஊற்றும் இடம்.

தடையை எதிர்த்தோர் கூறியதிலும் ஒரு பங்கு உண்மை உண்டு. மிகுந்த அளவில் கொடுக்கப்பட்ட எலிகளிடத்துப் புற்று காணப்பட்டது. மனிதரிடத்து அவ்வாறு மெய்ப்பிக்கப்படவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1999இல், மனிதர்க்குப் புற்று விளைப்பது என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. மெய்ப்பிக்கப்படாத தீங்குக்காக ஒரு தொழிலை நிறுத்தலாமா? நாம் நீரை வடிகட்டும்போது இக்குடத்தில் உயிர் உண்டென்று மெய்ப்பித்துவிட்டா வடிகட்டுகிறோம் என்று விரைந்து விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை முழுமையானதன்று. ஐயம் உள்ள யாவற்றையும் விலக்கினால் இல்லறத்தான் அடுப்பே மூட்ட முடியாது; அவனுக்கு அணுவிரதம் வகுத்தவர்கள் அதை அறிந்தே வகுத்தனர். ஆதலின் பயனையும் எடைபோட வேண்டும். பயனின்றி விளைக்கும் தீங்கை அனர்த்ததண்டம் என்று விலக்குவது இல்லறத்தார்க்கு உரிய விரதம். கலிபோர்னியா பல்கலைக்கழக அறிஞர்கள் 1998இல் அளித்த அறிக்கை, புதிய வகை வண்டிகளில் இப்பொருளால் காற்றுக்கு விளையும் நன்மை சிறிதே என்றும், நீருக்கு நேரும் கேடும் அதனைப் போக்கும் செலவும் பெரிது என்றும் கண்டது. சிறிய பயன் ஒரு தட்டிலும், திரும்ப அழைக்கவொண்ணாத கேடு மறுதட்டிலும் இருக்கையில், ஐயத்தின் சலுகை பொருளுக்கன்று, நீருக்கே உரியது என்பது என் துணிபு.

ஆளுநர் கிரே டேவிஸ் 1999 மார்ச்சில் ஆணையிட்டு, 2002 முடிவுக்குள் இப்பொருளை நீக்குமாறு பணித்தார். பெட்ரோல் தட்டுப்பாடும் விலையேற்றமும் வரும் என்ற அச்சத்தால் அக்கெடு 2003 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. இதற்கு மூலப்பொருளாகிய மெத்தனாலை உற்பத்தி செய்த கனடா நிறுவனம் ஒன்று, தன் வணிகம் கெட்டதென ஏறத்தாழ 97 கோடி டாலர் கோரி அமெரிக்க அரசின்மீது வழக்காடியது. 2005இல் அது தள்ளுபடியாயிற்று. ஆக்சிஜன் பொருள் கட்டாயம் என்ற விதியையும் அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் நீக்கியது.

ஓராண்டு நீட்டிப்பைக் குறை கூறுவோர் உளர். அவ்வோராண்டும் தொட்டிகள் கசிந்தன என்பது மெய். எனினும் டேவிசின் ஆணையில் பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. எம்.டி.பி.ஈ.க்கு மாற்றாக வரவிருந்த எத்தனாலை அப்படியே ஏற்காமல், அது காற்றிலும், நிலத்தடி நீரிலும் என்ன ஆகும், மக்கள் உடல்நலத்துக்கு என்ன செய்யும் என்று ஆராய்ந்து, 1999 இறுதிக்குள் அறிக்கை தருமாறு மாநிலத்தின் துறைகளை அது பணித்தது. மக்காச்சோளத்திலிருந்து வடிக்கும் அவ்வெரிபொருளுக்காக உழப்படும் நிலமும், இடப்படும் உரமும் வேறொரு கணக்கு. அது தனியே ஆராயத் தக்கது. ஈயத்தை நீக்கி எம்.டி.பி.ஈ.யை வைத்தபோது கேட்கப்படாத வினா, எம்.டி.பி.ஈ.யை நீக்கி எத்தனாலை வைக்கும்போது கேட்கப்பட்டது.