பார்த்தனுக்கு வாய் உலர்ந்தது

கீதையில் முதல் அத்தியாயத்தை நிறையப் பேர் புரட்டித் தள்ளிவிட்டு இரண்டாவதுக்குப் போய்விடுகிறார்கள். "யார் யார் எந்தச் சங்கை ஊதினார்கள் என்று ஒரு பட்டியல், அப்புறம் அர்ஜுனன் அழுகிறான், அவ்வளவுதானே ஸ்வாமி?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அந்த அழுகையில்தான் நம் வீட்டுக் கதை இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ரதம் இரண்டு சேனைக்கும் நடுவில் நிற்கிறது. எதிரே பிதாமகர் பீஷ்மர், குரு துரோணர், அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன். பார்த்தவன் என்ன சொல்கிறான்? எடுத்த எடுப்பில் தத்துவமா பேசுகிறான்? உடம்பைச் சொல்கிறான். அங்கமெல்லாம் சோர்கிறது கிருஷ்ணா, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, காண்டீவ வில் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்கக்கூட முடியவில்லை. இத்தனையும் சொன்ன பிறகுதான் மனசு சுழல்கிறது என்கிறான். டாக்டர் முன்னால் உட்கார்ந்த நோயாளி மாதிரி ஒன்று விடாமல் சொல்கிறான். வியாசர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்!

வால்டர் கானன் என்று ஓர் அமெரிக்க உடலியல் அறிஞர். வலி, பசி, பயம், கோபம் வந்தால் உடம்புக்குள் என்னென்ன நடக்கிறது என்று 1915-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் படபடக்கிறது. கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது. செரிமானம் அப்புறம் ஆகட்டும் என்று வயிறு வேலையை நிறுத்துகிறது, எச்சில் வற்றுகிறது. பார்த்தனுக்கு வாய் உலர்ந்தது இதனால்தான். எதிர்த்து அடி, இல்லையா, ஓடிப் பிழை. இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் உடம்பு இத்தனை ஏற்பாடும் செய்கிறது.

அப்படியானால் அர்ஜுனன் பயந்தாங்கொள்ளியா? வேடனாக வந்த பரமசிவனோடேயே மல்லுக்கு நின்றவன் ஐயா அவன்! விராட நகரத்தில் இதே பீஷ்மரையும் துரோணரையும் தனியாளாக எதிர்த்தவன். அன்றைக்கு வாய் உலரவில்லையே? அன்றைக்கு அவர்கள் ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்டு, சேனையை மயக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். இங்கே கொல்ல வேண்டும். கொல்ல மனசு வரவில்லை, க்ஷத்திரியன், ஓடவும் வழியில்லை. அடிக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டான்.

நம் டென்ஷனும் இதேதான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். திருப்பி அடிக்க முடியுமா? எழுந்து ஓடத்தான் முடியுமா, வீட்டுக் கடன் தவணை இருக்கிறதே! "சரி சார்" என்று சிரித்துவிட்டு வருகிறோம். வாய் சிரித்துவிட்டது, சுரந்தது சுரந்ததுதான். வீட்டுக்கு வந்தால் வேறொரு குருக்ஷேத்திரம், அங்கேயும் எதிரே நிற்பவர்கள் நம்முடையவர்கள். அந்நியன் திட்டினால் அன்றோடு போயிற்று. பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் ராத்திரி தூக்கம் போகிறது.

ஒரு நாளோடு போனால் பரவாயில்லை. மான் புலியிடமிருந்து தப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் புல் மேயப் போய்விடும். நாம் புலியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்கிறோம். கனடாவில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே 1936-ல் இதைச் சொன்னார். முதலில் உடம்பு அலறும், பிறகு தாக்குப் பிடிக்கும், ஓயாமல் தொடர்ந்தால் ஓய்ந்து உட்கார்ந்துவிடும். கார்ட்டிசால் என்ற சுரப்பு நாள்கணக்கில் ஏறியே இருந்தால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், ஞாபகம் தடுமாறும்.

சரி, கண்ணன் என்ன செய்தான்? முதலில் கேட்டான். முதல் அத்தியாயம் முழுவதும் அவன் பேசுவது, இதோ கௌரவர்கள், பார்த்துக்கொள் என்கிற ஒரே வாக்கியம். மற்றபடி இவன் கொட்டக் கொட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு கொஞ்சம் கடிந்துகொள்கிறான், அதற்கும் இவன் மறுமொழி சொல்ல விடுகிறான். நான் உன் சிஷ்யன், சொல்லு என்று இவனே கேட்ட பிறகுதான் உபதேசம். நம் வீட்டில்? பையன் "மனசு சரியில்லைப்பா" என்று ஆரம்பிக்கிறான். அவன் வாக்கியம் முடிவதற்குள் "எங்க காலத்துல..." என்று அப்பா தொடங்கிவிடுகிறார். அடுத்த தடவை அந்தப் பையன் சொல்வானா?

ஆறாவது அத்தியாயத்தில் இன்னொன்று. யோகத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பகவான் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பேசுகிறார். அதிகம் தின்கிறவனுக்கும் யோகம் இல்லை, பட்டினி கிடக்கிறவனுக்கும் இல்லை. தூங்கியே கிடக்கிறவனுக்கும் இல்லை, கண் விழித்தே கெடுக்கிறவனுக்கும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு மொபைலில் தியான வீடியோ பார்க்கிற அன்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். வெளிமூச்சை நிதானமாக, நீளமாக விட்டால் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் வைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஒரு கை மூக்கில், ஒரு கண் கடிகாரத்தில், ஆபீஸ் வேன் வந்துவிடும் என்று மூக்கைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். பக்தி குறைந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பகவானே பக்கத்தில் இருந்தும் அர்ஜுனனுக்குக் கை நடுங்கியது. அவன் அதை மறைக்கவும் இல்லை, கண்ணன் அதற்காக அவனை விட்டுவிட்டுப் போகவும் இல்லை.

நாளைக்கு இரண்டாம் அத்தியாயம், சரியாக ஆறரை மணிக்கு. பட்டினியாக வந்து உட்கார வேண்டாம், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.