கடைக் கொப்பியும் கணிப்பும்

வாங்குவோரைக் கடை அறிந்திருப்பதே குற்றமாகிவிடுமா? ஊர்க் கடைக்காரரும் கடன் கொப்பியைக் கொண்டே நம் வீட்டு நிலையை அறிவார்; அவர் அறிந்திருப்பதை நாமும் அறிவோம். அமெரிக்காவின் 'டார்கெட்' நிறுவனமோ, மணமற்ற பூச்சுத்தைலம் முதலிய சுமார் 25 பொருள்களின் விற்பனையிலிருந்து பெண்கள் கருவுற்றிருப்பதைக் கணித்ததென 2012இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை எழுதிற்று. கணித்ததைவிட அதன் பின் செய்ததே நம்மை உறுத்துகின்றது. பெண்கள் திடுக்கிடுவரென உணர்ந்தும் நிறுவனம் கணிப்பைக் கைவிடவில்லை. குழந்தை அணையாடை விளம்பரத்தினருகே புல்வெட்டும் இயந்திரத்தையும் அச்சிட்டு, யாவும் தற்செயலெனத் தோன்றச் செய்தது. சேவையே நோக்கமெனின் இந்த வேடம் எதற்கு? இன்று செயற்கை அறிவு இத்தகைய கணிப்பை எளிதாக்கியுள்ளது. கழிவு விலை கிடைத்ததே என்பர் சிலர். கருவுற்ற செய்தியை எவருக்கு, எப்போது சொல்வதென்பது அப்பெண்ணின் உரிமை. அதனை அவளிடம் எவரும் விலைக்குக் கேட்கவில்லை.