சும்மா விட்டால் கள்

'நானே செய்தது' என்று சொல்லும்போது அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? வீட்டில் முதன்முதலாகப் பீர் காய்ச்சியவர் யாராக இருந்தாலும், முதல் பாட்டிலைத் திறந்து நண்பரிடம் நீட்டும்போது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். நானும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதன் பிறகு அந்த வாக்கியத்தின் எழுவாய் உறுத்த ஆரம்பித்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் என்னதான் செய்தேன்? பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து மூன்று கிலோ மால்ட் சாற்றைக் கரைத்தேன். வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறப்போட்டு, அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியதும் வடித்துச் சுண்டக் காய்ச்சினால் கிடைப்பது இந்தச் சாறு. பார்க்கக் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். விரலில் தொட்டு நக்கினால் ருசியும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, வேலையில் கடினமான பாதியை எங்கோ ஓர் ஆலை எனக்கு முன்பே முடித்துவிட்டது. நான் அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். நடுவில் ஹாப்ஸ் போட்டேன். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருபவை. கடையில் அதை அரைத்து, அழுத்தி, பச்சைக் குச்சிகளாக விற்கிறார்கள். மாட்டுத்தீவனம் என்றே நினைக்கத் தோன்றும். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி 20 டிகிரிக்குக் குளிரவைத்தேன்.

மீதி நேரமெல்லாம் கழுவினேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பீர் காய்ச்சுவது என்பது பெரும்பாலும் பாத்திரம் கழுவுவதுதான். வாளி, குழாய், கரண்டி, மூடி, ஐம்பது பாட்டில்கள். வேறு கிருமி எதுவும் முந்திக்கொண்டு உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காகக் கழுவியதையே மறுபடி கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். கடைசியாக, 11 கிராம் எடையுள்ள சின்னப் பொட்டலத்தைப் பிரித்து ஈஸ்டைத் தூவினேன். மூடினேன். போய்ப் படுத்துக்கொண்டேன்.

பீர் ஆனது அதற்குப் பிறகு. மறுநாள் காலையில் வாளியின் மேல் செருகியிருந்த தண்ணீர்க்குழாய் 'க்ளுக், க்ளுக்' என்று பேசத் தொடங்கியிருந்தது. ஒரு கிராம் ஈஸ்டில் நூறு கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியே விடுகின்றன. நாம் கொண்டாடிக் குடிப்பது அவற்றுக்குக் கழிவு. இரண்டு வாரம் அவை வேலை பார்த்தன. நான் பக்கத்து அறையில் இருந்தேன், அவ்வளவுதான்.

அம்மா இட்லிக்கு மாவு கரைத்து வைத்தால், காலையில் எழுந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு 'மாவு பொங்கிருச்சு' என்பாள். 'நான் பொங்க வச்சேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. தமிழில் இரண்டுக்கும் இடமிருக்கிறது: புளித்தது, புளிக்கவைத்தேன். அம்மா வாழ்நாள் முழுக்க முதல் வடிவத்திலேயே பேசிவிட்டாள். முப்பது வருடத்தில் சில ஆயிரம் முறை மாவு புளிக்கக் கண்ட ஒருத்தி 'ஆயிருச்சு' என்கிறாள். ஒரே ஒரு முறை பீர் புளிக்கக் கண்ட மகன் 'நானே செய்தேன்' என்கிறான்.

ஈஸ்டின் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட முதல் ஆள் நான் இல்லை. 1516-இல் பவேரியாவில் வந்த சட்டம், பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்றது. ஈஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அடியில் தங்கும் கசடு ஓர் உயிர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். ஆலை அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. பெரிய மனசுதான். ஆனால் அந்த ஈஸ்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள்: கார்ல்ஸ்பெர்கென்சிஸ். இன்று அதே லாகர் ஈஸ்டை பாஸ்டோரியானஸ் என்கிறார்கள். வேலை செய்கிறவனைக் கடைசியில் கண்டுபிடித்ததும், அவனுக்கு முதலாளியின் பெயரையோ கண்டுபிடித்தவரின் பெயரையோ சூட்டிவிட்டோம்.

இதுவரைக்கும் இது ஒரு சுவாரசியமான புதிர், அவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு வாளியைக் காட்டினேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். நான் இருப்பது சிகாகோவில்.

"என்னய்யா அது, மாவு மாதிரி பொங்கிட்டுக் கெடக்கு?"

"பீரும்மா. வீட்லயே காய்ச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "விக்கவா?"

"இல்லம்மா. சும்மா."

"சும்மாவா?" என்றாள். பிறகு, சிகாகோவில் யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "போலீஸ் வராதா?"

சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்வி. நான் பயன்படுத்திய வினைச்சொல் அப்படி. வீட்டில் 'காய்ச்சுவது' என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். இங்கேயும் ஒரு காலத்தில் போலீஸ் வந்திருக்கும். 1933-இல் அமெரிக்க மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப் போனது. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் அது சரியானது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம். விற்கக்கூடாது, கொடுக்கலாம். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் ஒத்துக்கொண்டன. எனவே அம்மா, போலீஸ் வராது. 'சும்மா' செய்வதால்தான் வராது.

இந்தச் 'சும்மா' ஒரு பொல்லாத சொல். காரணமில்லாமல் என்றும் பொருள், காசில்லாமல் என்றும் பொருள், ஒன்றும் செய்யாமல் என்றும் பொருள். சைவம் சும்மா இருத்தலைப் பெரிய நிலையாகவே சொல்கிறது. என் பீருக்கு மூன்று பொருளும் பொருந்தும். அம்மாவின் கேள்விக்குப் பிறகு, எங்கள் ஊரில் இதே சொல் பொருந்தும் இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. பனை.

பனையேறி பாளையின் நுனியைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதை உடனே தின்னத் தொடங்கிவிடும். யாரும் பொட்டலம் பிரித்துத் தூவ வேண்டாம், எதையும் கொதிக்கவைக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் அது கள். அப்படி ஆகாமலிருக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். செய்ய வேண்டியது பதநீரைத்தான். கள்ளுக்குச் செய்முறையே கிடையாது. சும்மா விட்டால் கள். தமிழும் கள்ளை 'செய்தார்கள்' என்று சொல்வதில்லை, 'இறக்கினார்கள்' என்றுதான் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதே மரம், அதே ஏற்றம், அதே ஆள். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் உழைப்பாளி, இல்லாவிட்டால் குற்றவாளி. ஒன்றைச் செய்வதற்கும் அது நடக்கும்படி விட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித் தத்துவவாதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். செய்தவனுக்குப் பொறுப்பு அதிகம், விட்டவனுக்குக் குறைவு என்பதுதான் நம் பொதுப்புத்தி. இங்கே எல்லாம் தலைகீழ். தெர்மாமீட்டர் வைத்து, அளந்து, திட்டமிட்டு ஆல்கஹால் உண்டாக்கிய நான் கலைஞன். புளிப்பைத் தடுக்காமல் விட்டவர் மீது வழக்கு.

இதற்கு ஒரு பதில் உண்டு, லேசான பதில் அல்ல. குடி எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்பதை அந்த வீடுகளின் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அது கள் அல்ல, புளிப்பில் தானாக உண்டான விஷமும் அல்ல. ஆனாலும் 'காய்ச்சுவது' என்ற சொல் அம்மாவின் குரலை ஏன் தாழ்த்தியது என்பது அதில் இருக்கிறது. அதே சமயம், 2003-இலிருந்து அந்த ஊரில் சில்லறை மது விற்பனை அரசின் கையில்தான் இருக்கிறது. அங்கே பீர் கிடைக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. எனவே ஆல்கஹால்தான் பிரச்சினை என்று சொல்லி என்னால் சமாதானமாக முடியவில்லை.

கள்ளுக்கடையைத் திற, மூடு என்று நான் இங்கே வாதாடவில்லை. அது வேறு கட்டுரை. நம் இலக்கியத்திலும் இந்தப் பேச்சு பழசுதான்: வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார், ஔவையார் அதியமான் பகிர்ந்து கொடுத்த கள்ளை நினைத்துப் புறநானூற்றில் அழுதார். இரண்டிலும் இருப்பது குடிக்கிறவர்கள். இறக்கிக் கொடுத்தவர் இரண்டிலும் இல்லை.

என் கேள்வி அந்த ஆளைப் பற்றியது. 'எல்லாம் ஈஸ்ட் செய்தது, நான் யார்?' என்று நான் பணிவு காட்டிவிடலாம். அது பொய்ப் பணிவு. பீர் காடியாகியிருந்தால் பழி என்னுடையதுதானே, ஈஸ்டுடையது இல்லையே. பழியை ஏற்கிறவனுக்குப் புகழிலும் பங்கு கேட்க உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டால் என் பங்கு எவ்வளவு? பீர் கெட்டிருந்தால் எனக்கு நாற்பது டாலர் நஷ்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். காலையும் மாலையும் மரமேறுகிறவர் கால் வழுக்கினால் போவது உயிர், பிடிபட்டால் போவது பெயர். இந்தக் கணக்கில் 'நானே' என்ற சொல்லுக்கு அவருக்குத்தான் அதிக உரிமை. அவரால்தான் அதைச் சொல்ல முடியாது. அவர் வாயிலிருந்து வந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். நான் பாட்டிலில் லேபிள் ஒட்டி, அதில் பெயரெழுதி, சின்னதாகப் படம்கூட வரைந்து கொடுக்கலாம். வாங்கிக்கொள்கிறவர்கள் கைகுலுக்குவார்கள்.

இரண்டாம் முறை காய்ச்சப்போகிறேன். லேபிள் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. முதல் வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ட் வெளிர்மஞ்சளாக, கரைத்த உளுந்துமாவு போல இருந்தது. அதைக் கொட்ட மனசு வரவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் வழித்தெடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், இட்லி மாவுக்குப் பக்கத்தில். மூடியை இறுக்கித் திருகக்கூடாது. குளிரிலும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.