கரும்பலகையில் ஒரு மலை

அரூர் வட்டாரப் பள்ளியொன்றில் சிறுவர்க்கு ஓவிய வகுப்பு நடத்தி வந்தேன். கரும்பலகையில் இரண்டு முக்கோணங்கள், இடையே அரைச் சூரியன். பிள்ளைகளும் அவ்வாறே வரைவர். தீர்த்தமலை அடிவாரத்துச் சிறுமி ஒருத்தி மட்டும் ஒருபுறம் சரிந்த கரடு ஒன்றை வரைந்திருந்தாள். “இரண்டாவது மலை எங்கே?” என்று கேட்டு, அழித்துத் திருத்தினேன்.

பொய்ச்சான்று கூடாது என்னும் கட்டளை நாவுக்கு மட்டுமா, கைக்கும் உரியதா? கண்டதைக் கூறிய பிள்ளையைக் காணாததைக் கூறச் செய்துவிட்டேன் அல்லவா?

பார்த்துப் போடுவதே தவறென்று சொல்ல வரவில்லை. தாயின் கோலத்தைப் பார்த்தே மகளும் இடுகிறாள். ஆனால் கோலம் எதற்கும் சாட்சியன்று. படமோ, ‘இதைக் கண்டேன்’ என்கிறது. வியன்னாவில் 1897-இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், நகலெடுக்கச் செய்யாமல் பிள்ளைகளை அவர்தம் போக்கிலேயே விட்டார். அவ்வளவு தூரம் செல்ல எனக்குத் துணிவில்லை. நேர்கோடும் வளைவும் பென்சிலைப் பிடிக்கும் முறையும் கற்பிக்கப்பட வேண்டியவையே. கருவியைத் தராமல் விடுதலையை மட்டும் தருவது கைவிடுதலாகும். காட்சியைத் தருவதுதான் நம் வேலையன்று. வயல்வெளி மலர்களைக் கவனிக்கச் சொன்ன ஆண்டவர், அவற்றை வரைந்து காட்டவில்லை.

அடுத்த வாரம் கோடுகளை மட்டும் பழக்கியபின், பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் அமர்த்தித் தத்தம் ஊர் மலையை வரையச் சொன்னேன். பலரும் தயங்கித் தயங்கி வரைந்தனர். அச்சிறுமி, அளவுகோல் வைத்து இரண்டு முக்கோணங்களை வரைந்து நீட்டினாள்.