பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. உத்திரமேரூர் ஸ்ரீசுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் நல்ல கூட்டம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்த ஊர். பல்லவர் காலத்துக் கோயில். மூன்று தளங்களாக எழும்பி நிற்கும் விமானம். கீழ்த்தளத்தில் நின்ற கோலத்தில் சுந்தர வரதர், நடுத்தளத்தில் அமர்ந்த கோலத்தில் வைகுண்ட வரதர், மேல்தளத்தில் பள்ளிகொண்ட அனந்த பத்மநாபர். தாயாரின் திருநாமம் ஆனந்தவல்லி. ஒருமுறை சேவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்!

உடன் வந்தவர் என் பெரியம்மா. அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர். வயது 64. பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலியோடு படியைப் பிடித்துப் பிடித்து ஏறி இறங்கிவிட்டு, சந்நிதிக்கு வெளியே வரிசையில் நின்றார். யாரோ ஒரு உபயதாரர் சர்க்கரைப் பொங்கல் விநியோகம் செய்துகொண்டிருந்தார். நெய் மினுமினுக்க, முந்திரி தெரிய, தொன்னை நிறைய!

மூன்று நாட்களுக்கு முன்புதான் ரத்தப் பரிசோதனை. சாப்பிட்ட பிறகு எடுத்ததில் 280. டாக்டர் கண்டிப்பாகப் பேசி அனுப்பியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ''பெரியம்மா, வேணாமே...'' என்றேன் மெதுவாக.

''பெருமாள் குடுக்கறதை வேணாம்னு சொல்லலாமா கண்ணு? அபசாரம் இல்லையா?'' என்றார்.

சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பெருமாள் கொடுப்பதைத் தடுக்க நான் யார்? ஆனால், அந்தத் தொன்னை காலியாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதும் சரியாகப் படவில்லை. சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்கும். உங்களுக்கே சர்க்கரை இருக்கலாம். அல்லது வீட்டில் மாமியாருக்கோ கணவருக்கோ இருக்கலாம். கோயிலில் கொடுப்பதை மறுப்பது பாவமா? வாங்கிச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வது பாவம் இல்லையா?

முதலில், பிரசாதம் என்றால் என்ன? அந்தச் சொல்லுக்கு அருள், தெளிவு என்றெல்லாம் பொருள். 'தின்பண்டம்' என்ற அர்த்தம் நாமாகச் சேர்த்துக்கொண்டது. பெருமாள் கோயிலில் தீர்த்தம் பிரசாதம், துளசி பிரசாதம். சிவன் கோயிலில் விபூதி. அம்மன் சந்நிதியில் குங்குமம். ஒரு உத்தரணி தீர்த்தத்தில் இல்லாத அருள், ஒரு தொன்னைப் பொங்கலில் கூடுதலாக வந்து சேர்ந்துவிடுமா என்ன? பக்கத்திலேயே காஞ்சி வரதர் கோயிலில், மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைத்த பெரிய இட்லியைத் துண்டு போட்டுத்தான் தருகிறார்கள். சின்னத் துண்டு கிடைத்தவருக்கு அருளும் சின்னதாகத்தான் கிடைக்கும் என்று யாரும் சண்டை போடுவதில்லை!

ஆக, இரண்டு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்தால் அபசாரம் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிப் பெரியம்மாவை மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது சொல்லவும் செய்தேன். அவர் சிரித்துவிட்டார்.

''அதெல்லாம் எனக்கும் தெரியும் கண்ணு. வீட்ல ஒரு ஸ்வீட்டைத் தொட விடறாங்களா? பேரன்கூட, 'ஆயா, உனக்கு சுகர்'னு டப்பாவைப் பிடுங்கறான். பிரசாதம்னு சொன்னா மட்டும் யாரும் தடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வாரம் தவறாம வர்றேன்னுகூட வெச்சுக்கயேன்!''

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால், எனக்குச் சுருக்கென்றது. நாம் பக்தி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு நாக்கு? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. கிருஷ்ண ஜயந்திக்கு நான் சுடுகிற சீடையும் முறுக்கும் கண்ணனுக்காக மட்டும்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அன்று ராத்திரி அவர் வீட்டில் தங்கினேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பெரியம்மா சட்டியோடு உட்கார்ந்தார். மகன் வேண்டாம் என்று ஒதுக்கிய சோறு, பேரன் மிச்சம் வைத்த அரைத் தோசை, அடியில் ஒட்டிய சாம்பார். ''ஏன் பெரியம்மா இவ்வளவு?'' என்றால், ''அன்னத்தைக் கொட்டலாமா? மகாலட்சுமி இல்லையா!'' என்கிறார்.

காலையில் அவர் சாப்பிட்ட பொங்கலைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பொங்கல் வாரத்துக்கு ஒரு நாள். இந்த மிச்சச் சோறு தினம் மூன்று வேளை! அன்னத்தை வீணாக்கக்கூடாது என்பது நல்ல தர்மம்தான். ஆனால், அந்தத் தர்மத்தைக் காப்பாற்றும் பொறுப்பை வீட்டிலுள்ள ஒரே ஒரு வயிற்றின் மீது சுமத்தியது யார்? அதிகமாக வடித்தது எல்லோருக்காகவும். மிச்சம் வைத்தது எல்லோரும். பாவம் சேராமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவருடைய உடம்பு. குப்பைக்குப் போனால்தான் வீணா? தேவைப்படாத உடம்புக்குள் போனாலும் அது வீண்தானே? அங்கே சும்மாவும் கிடக்காது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

'இதெல்லாம் பட்டணத்து வியாதி, கிராமத்தில் உழைக்கிறவர்களுக்கு வராது' என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இதே மாவட்டத்தில் அப்போது இருந்த சூணாம்பேடு பகுதியில் (2019-க்குப் பிறகு அது செங்கல்பட்டு மாவட்டம்), 42 கிராமங்களில் வேன் மூலம் வீட்டருகே போய்ப் பரிசோதித்தார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் மோகன் குழுவினர் 2006-ம் ஆண்டு ஆரம்பித்த திட்டம் அது. கிராமத்தில் எடுத்த கண் படம், செயற்கைக்கோள் வழியாகச் சென்னை டாக்டருக்குப் போனது. இருபதாயிரம் பேருக்கு மேல் பரிசோதனை நடந்தது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ஆகவே, இது பெரியம்மா ஒருவரின் கதை இல்லை.

மறுநாள் அதே ஊரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்த கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊரை நடத்தினவர்கள் அவர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! எவ்வளவு நல்லவர், எவ்வளவு பக்திமான் என்றெல்லாம் விலக்குக் கிடையாது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். ''உங்க உடம்புக்கும் கணக்குக் கேட்கணும் பெரியம்மா. 'பெருமாள் குடுத்தார்', 'மகாலட்சுமி கோச்சுப்பா' இதெல்லாம் கணக்குல எழுத முடியாது.'' கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, ''சரி, என்னதான் திங்கலாம்? அதைச் சொல்லு'' என்றார்.

நான் டாக்டர் இல்லை. அவருக்கு டாக்டர் சொன்னதைத்தான் அவருக்குப் புரிகிற மாதிரி திரும்பச் சொன்னேன். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், மோர் மாதிரியானவை. மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு. அப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று நான்கு சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை, அதுவும் மாவுதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். ஏகாதசி பட்டினி என்றால், மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கவே கூடாது. வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அந்த நிமிஷம் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் மருந்து. விரதம் முறிந்துவிட்டதே என்று யோசிக்கக்கூடாது. ஜவ்வரிசி உப்புமா பலகாரம்தானே என்று தட்டு நிறையச் சாப்பிடுவதும் கூடாது. அது சோற்றுக்குத் தம்பி!

வேடிக்கை என்னவென்றால், நம் நைவேத்தியங்களிலேயே நல்லது நிறைய இருக்கிறது. நவராத்திரிக்குச் சுண்டல். ஸ்ரீராமநவமிக்கு நீர்மோர், வெள்ளரிக்காய் சேர்த்த கோசுமல்லி. பானகத்தை மட்டும் தீர்த்தம் மாதிரி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டால் போதும். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அளவறிந்து சாப்பிடுவதைப் பற்றியே பேசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலுவுக்கு வருகிறவர், 'எனக்குச் சர்க்கரை' என்று கூச்சத்தோடு சொன்னால், 'ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது, பிரசாதம்' என்று திணிக்கிறோமே... அந்தக் கணக்கு யார் பெயரில் எழுதப்படும்? வாங்கியவர் பெயரில் மட்டும்தானா?

அடுத்த மாதம் பெரியம்மா போன் செய்தார். சனிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இல்லையாம். பொங்கலில் இரண்டு பருக்கை எடுத்துக்கொண்டு தொன்னையைப் பேரனிடம் கொடுத்துவிடுகிறாராம். ''ஆசை போகலை கண்ணு, பொய் சொல்ல மாட்டேன்'' என்றார். 'சாப்பிட்ட பிறகு' 190 வந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும் என்றாராம் டாக்டர்.

''மிச்சச் சோறு?'' என்று கேட்டேன்.

''உலையில ஒரு ஆழாக்கு அரிசியைக் குறைச்சுட்டேன். முதல் ரெண்டு நாள் உங்க அண்ணன் சோறு பத்தலைன்னு கத்தினான். அப்புறம் அவனே எழுந்துபோய் மோர் ஊத்திக் குடிச்சுட்டுப் படுத்துட்டான்.''